படம் கறுத்துப் போவது ஏன்? ஃபைல் ஃபார்மட் மாறும்போது காமாவுக்கு என்ன ஆகிறது

டிஃப் ஃபைலாக இருந்தபோது பளிச்சென்று தெரிந்த படம் ஜேபெக் ஆனதும் கறுத்துப் போகிறது. இல்லாவிட்டால், நன்றாக இருந்த பிஎன்ஜி வேறொரு மென்பொருளில் திறந்ததும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப் போகிறது. தர்மபுரியில் டிடிபி, ஸ்டுடியோ, ஃப்ளெக்ஸ் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் இதைப் பார்த்திருப்பார்கள். எல்லாரும் செய்கிற வைத்தியமும் ஒன்றுதான்: பிரைட்னஸை ஏற்று, சேவ் பண்ணு, அடுத்த வேலையைப் பார். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குக் காட்டியது ஒரு நடுகல்.

எங்கள் பக்கம் நடுகற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டை போட்டு மாண்ட வீரர்களுக்குப் பல்லவர் காலத்திலேயே நட்ட கற்கள், வட்டெழுத்தில் 'கோவிசைய' என்று அரசர் பேரோடு தொடங்கும் கல்வெட்டோடு, வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் இன்றைக்கும் நிற்கின்றன. ஆயிரம் வருடத்துக்கு மேல் மழையும் வெயிலும் தின்ற கல், அதனால் எழுத்து ஆழமாக இருக்காது. படம் எடுக்கப் போகிறவர்கள் உச்சி வெயிலில் போகமாட்டார்கள். காலையிலோ சாயங்காலமோ வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் பார்த்துப் போவார்கள், அப்போதுதான் செதுக்கின குழிக்குள் கொஞ்சம் நிழல் நிற்கும், அந்த நிழல்தான் எழுத்து. அதாவது அந்தப் படத்தில் நமக்கு வேண்டியது முழுக்க இருட்டுப் பகுதியில் இருக்கிறது.

கல்வெட்டு தேடித் தேடி அலைகிற ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், தன்னுடைய பழைய கறுப்பு வெள்ளைப் பிரிண்டுகளை ஒரு அச்சகத்தில் இருந்த மேக் கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து சிடியில் வைத்திருந்தார். எல்லாம் டிஃப். "எல்லாத்தையும் செல்லுல பாக்குற மாதிரி மாத்திக் குடுப்பா" என்றார். மொத்தமாக ஜேபெக் ஆக்கினேன், இருட்டாக வந்தது, மொத்தமாக பிரைட்னஸ் ஏற்றினேன், கொடுத்துவிட்டேன். மறுநாளே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, கல்லுல நாலு வரி இருக்குது. உன் படத்துல மூணுதான் தெரியுது."

"பழைய ஸ்கேன் சார், அவ்வளவுதான் வரும்."

"ஸ்கேன்ல இருந்துச்சே. அந்த மெஷின்லயே நான் பாத்தேனே."

அவர் சொன்னது சரி. நான்தான் நாலாவது வரியை அழித்திருந்தேன். எப்படி அழித்தேன் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

படத்துக்குள் இருப்பது வெளிச்சம் இல்லை, எண்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை, இது எல்லாருக்கும் தெரியும். 128 என்றால்? பாதி வெளிச்சம் என்றுதான் பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். இல்லை. இன்றைக்கு நாம் பயன்படுத்துகிற சாதாரணத் திரையில் 128 என்ற எண் வெள்ளையின் ஒளியில் கிட்டத்தட்ட 22 சதவீதத்தைத்தான் தருகிறது. உண்மையான பாதி ஒளி வேண்டுமென்றால் 188 போட வேண்டும். எண்ணுக்கும் ஒளிக்கும் நடுவில் ஒரு வளைவு உட்கார்ந்திருக்கிறது. எண்ணை 255ஆல் வகுத்து, 2.2 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் சுமாராக ஒளி கிடைக்கும். அந்த 2.2தான் காமா.

பழைய காலத்தில் ஊருக்கு ஊர் படி அளவு வேறாக இருந்தது. பத்து படி கேழ்வரகு என்று ஓலையில் எழுதி அனுப்பினால், எந்த ஊர்ப் படி என்று தெரியாத வரை அது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. படத்தின் எண்ணும் அதே கதைதான். எண் அப்படியே இருக்கும், படி மாறிவிடும். ஃபைல் ஃபார்மட் மாற்றும்போது நடக்கிற விபத்துகளில் பெரும்பாலானவை இதுதான்: எண்கள் பத்திரமாகப் போய்ச் சேருகின்றன, எந்தப் படி என்று எழுதின சீட்டு வழியிலேயே விழுந்துவிடுகிறது.

சரி, ஏன் இந்த வளைவு, நேராகவே எழுதினால் என்ன? கார்த்திகைக்கு வாசலில் ஐம்பது அகல் எரியும்போது இன்னும் ஒன்றை ஏற்றினால் வித்தியாசம் தெரியாது. கரண்ட் போன வீட்டில் ஒரே ஒரு அகல் ஏற்றினால் வீடே தெரியும். நம் கண் இருட்டில் சின்ன மாற்றத்தையும் பிடிக்கும், வெளிச்சத்தில் பெரிய மாற்றத்தையும் விட்டுவிடும். 8 பிட் படத்தில் நம்மிடம் இருப்பது 256 எண்கள் மட்டுமே. அதை ஒளிக்கு நேர் விகிதத்தில் பங்கு போட்டால், ஒளியின் அடிமட்ட 1 சதவீதத்துக்கு 0, 1, 2 என்று மூன்றே எண்கள் கிடைக்கும். நடுகல்லின் நிழல் முழுவதும் அந்த மூன்று எண்ணுக்குள் அடங்க வேண்டும், எழுத்து எங்கே தெரியும்? வளைத்து எழுதும்போது அதே 1 சதவீதத்துக்கு 0 முதல் 25 வரை இருபத்தாறு எண்கள் வருகின்றன. அடிமட்ட 10 சதவீத ஒளிக்கு 0 முதல் 89 வரை, அதாவது இருக்கிற எண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வெளிச்சப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்துக்குச் செலவாகியிருக்க வேண்டிய எண்களை இருட்டுப் பக்கத்துக்குத் திருப்பி விடுகிற ஏற்பாடு இது. எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு, ஏனென்றால் கல்வெட்டுப் படம் எடுக்கிறவனுக்கு இதைவிட நல்ல பங்கீடு கிடையாது.

இது யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டு வந்ததும் இல்லை. பழைய குண்டு டிவி, அதாவது படக்குழாய், இயல்பிலேயே இப்படித்தான் நடந்துகொண்டது. உள்ளே போகிற மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் ஒளி இரட்டிப்பு ஆகாது, நாலு மடங்குக்கும் மேலே போகும். அதைச் சரிக்கட்ட ஒளிபரப்புக்கு முன்பே எதிர்ப்பக்கம் வளைத்து அனுப்பினார்கள். அந்த எதிர் வளைவு மனிதக் கண்ணின் போக்குக்கு ஏறக்குறைய பொருந்திப்போனது நம் அதிர்ஷ்டம். இன்றைய தட்டையான எல்சிடி திரைக்கு இயற்கையாக அந்த வளைவு கிடையாது, உள்ளே இருக்கிற மின்னணுச் சுற்று அதைப் போலவே நடந்துகொள்ளும்படி செய்து வைத்திருக்கிறார்கள். காமா என்ற பெயர் இன்னும் பழையது. இங்கிலாந்தில் ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் 1890இல் ஃபோட்டோ பிளேட்டில் ஒளி எப்படிப் பதிகிறது என்று அளந்து கோடு போட்டார்கள், அந்தக் கோட்டின் சரிவுக்கு வந்த பெயர்தான் காமா.

இனி சிக்கலின் வேருக்கு வருவோம். எல்லாரும் ஒரே வளைவை வைத்திருந்தால் சண்டையே இல்லை. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படக்குழாயின் இயல்பை அப்படியே எடுத்துக்கொண்டு 2.2 பக்கம் நின்றன. ஆப்பிளோ, திரையில் தெரிவது தன் லேசர் பிரிண்டரில் வருவதோடு ஒத்துப்போக வேண்டும் என்று 1.8 வைத்தது. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து எஸ்ஆர்ஜிபி என்ற பொது அளவை முன்வைத்தன; 1999இல் அது சர்வதேசத் தரம் ஆனது. அதன் வளைவு சுத்தமான 2.2 இல்லை. ஆழ்ந்த இருட்டில் ஒரு சின்ன நேர்கோடு, அதற்கு மேல் 2.4 அடுக்கு, இரண்டும் சேர்ந்து மொத்தத்தில் 2.2க்குப் பக்கத்தில் நிற்கும். மேக் 1.8ஐ விட்டு 2.2க்கு வந்தது 2009இல், ஸ்னோ லெப்பர்டு பதிப்போடு. அதற்கு முன்பு மேக்கில் வேலை செய்து, எந்த ப்ரொஃபைலும் (எந்த வளைவு என்று சொல்லும் சீட்டும்) சேர்க்காமல் சேமித்த ஃபைல்கள் இன்றும் அச்சகங்களின் பழைய சிடிகளில் தூங்குகின்றன. வாத்தியார் கொண்டு வந்தது அதில் ஒன்று.

1.8 திரையைப் பார்த்துச் சரிசெய்த படத்தை 2.2 திரையில் போட்டால் என்ன ஆகும்? கறுப்பும் வெள்ளையும் அப்படியே இருக்கும், ஏனென்றால் 0ஐயும் 1ஐயும் எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் மாறாது. நடுவில் உள்ளதெல்லாம் கறுக்கும், அதிலும் நிழல்தான் அதிகமாக அடி வாங்கும். 40 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்: 1.8 திரையில் அது 3.6 சதவீத ஒளி, 2.2 திரையில் 1.7 சதவீதம். ஒளி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, ஃபைலில் ஒரு எண் கூட மாறவில்லை.

ஃபார்மட்டுகள் இந்தச் சீட்டை எப்படிக் கையாளுகின்றன என்று தெரிந்தால் பாதி மர்மம் விலகும். ஜிஃப்பில் காமா எழுத இடமே இல்லை. ஜேபெக்கிலும் அதற்கென்று தனி இடம் இல்லை, ஐசிசி ப்ரொஃபைல் என்ற தனித் துண்டைச் செருகினால் உண்டு, செருகாவிட்டால் திறக்கிறவர் எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்வார். டிஃப் எல்லாவற்றையும் ஏற்கும், ஆனால் எழுதியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாது. கேமராவின் ரா ஃபைலும் சினிமா கிராஃபிக்ஸில் புழங்கும் ஓப்பன்இஎக்ஸ்ஆரும் ஒளிக்கு நேர் விகிதமாகவே எண்களை வைத்திருக்கும். அவற்றில் பிட்கள் தாராளம், அதனால் வளைக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த நேர் எண்களை வளைக்காமல் அப்படியே 8 பிட் ஜேபெக்கில் கொட்டினால், ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் 18 சதவீதச் சாம்பல் அட்டை, 118 என்று வர வேண்டியது, 46 என்று வந்து நிற்கும். படம் கிணற்றுக்குள் எடுத்த மாதிரி இருக்கும்.

பிஎன்ஜியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் உண்மையாகவே அக்கறைப்பட்டவர்கள் அவர்கள்தான். 1996இல் வந்த முதல் பதிப்பிலேயே காமாவுக்கென்று தனித் துண்டு இருந்தது. எழுதும்போது பயன்பட்ட அடுக்கை ஒரு லட்சத்தால் பெருக்கி முழு எண்ணாக வைப்பார்கள். 2.2 திரைக்கான படம் என்றால் அதன் தலைகீழ் 0.45455, எனவே 45455. எவ்வளவு தெளிவான ஏற்பாடு. ஆனால் நடைமுறையில் என்ன ஆனது என்றால், சில பிரவுசர்கள் அதைப் படித்தன, சில படிக்கவில்லை, சில பிஎன்ஜிக்கு மட்டும் திருத்தம் செய்துவிட்டு பக்கத்தின் பின்னணி நிறத்துக்குச் செய்யவில்லை, அதனால் ஒரே நிறம் போட்ட லோகோவும் பின்னணியும் ஒட்டுப்போட்ட துணி மாதிரி தனித்தனியாகத் தெரிந்தன. இணையதளம் செய்கிறவர்கள் வெறுத்துப்போய் அந்தத் துண்டையே வெட்டி எறிய ஆரம்பித்தார்கள். ஃபைலைச் சுருக்கும் கருவிகளில் பல இன்றும் அதை வெட்டத் தயாராக நிற்கின்றன; கட்டளை தட்டிப் படங்களை மாற்றுகிற இமேஜ்மேஜிக் மென்பொருளில் 'ஸ்ட்ரிப்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், ப்ரொஃபைலும் போகும், காமாவும் போகும். படம் எஸ்ஆர்ஜிபி ஆக இருந்தால் வெட்டினாலும் நஷ்டம் இல்லை, எல்லாரும் அதைத்தான் அனுமானிப்பார்கள். வேறு வளைவில் இருந்தால் அந்த நொடியே படம் அனாதை.

எல்லாக் குற்றத்தையும் காமா மேல் போடவும் கூடாது. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் வியாபாரம் செய்கிறவர்கள் பாலிஷ் போட்ட கறுப்புக் கல்லை வீடியோ எடுத்து, அதில் ஒரு ஃப்ரேமைப் படமாக்கி அனுப்புவார்கள், அங்கே கல் சாம்பல் நிறமாகத் தெரியும். அது வேறு வியாதி: வீடியோவில் கறுப்பு 16இல் தொடங்கி வெள்ளை 235இல் முடியும், அதைப் படமாக்கும்போது 0 முதல் 255 வரை விரிக்காமல் விட்டிருப்பார்கள். ஐஃபோன் படம் மாற்றியதும் வெளிச்சம் சரியாக இருந்து, மாம்பழத்தின் மஞ்சளும் குங்குமத்தின் சிவப்பும் மட்டும் சோகையாகிவிட்டால் அதுவும் வேறு. அந்த ஃபோன்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகன்ற நிற எல்லையில் எழுதுகின்றன, ஆனால் வளைவு எஸ்ஆர்ஜிபியின் வளைவேதான். ஆகவே நான் முதலில் பார்ப்பது இரண்டு கோடிகளை, அதாவது முழுக் கறுப்பையும் முழு வெள்ளையையும். கறுப்பே கறுப்பாக இல்லை என்றால் எல்லைக் கோளாறு. நிறம் மட்டும் செத்திருந்தால் நிற ப்ரொஃபைல் கோளாறு. கறுப்பும் வெள்ளையும் அப்படியே நின்று நடுப்பகுதி மட்டும் இறங்கியிருந்தாலோ ஏறியிருந்தாலோதான் காமா.

கறுப்பு வெள்ளைப் படத்தில் இன்னொரு பொறி இருக்கிறது, அச்சுவேலை செய்கிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் கிரேஸ்கேலுக்கு வெகுகாலமாக இயல்பாக வருவது டாட் கெயின் 20 சதவீதம் என்ற அமைப்பு, அதாவது காகிதத்தில் மை பரவுவதை மனதில் வைத்த வளைவு. அச்சுக்கு அது நியாயம்தான். அதே ஃபைலை ப்ரொஃபைல் சேர்க்காமல் ஜேபெக் ஆக்கி இணையத்தில் போட்டால் கறுத்துத்தான் தெரியும்.

இப்போது திருத்தம். நான் செய்த தப்பு இங்கேதான். ஃபோட்டோஷாப்பின் எடிட் மெனுவில் அசைன் ப்ரொஃபைல் என்று ஒன்று, கன்வெர்ட் டு ப்ரொஃபைல் என்று ஒன்று, பக்கத்திலேயே இருக்கும், கிம்ப் என்ற இலவச மென்பொருளிலும் உண்டு. பலர் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள். அசைன் என்பது எந்தப் படி என்று சீட்டு ஒட்டுவது: எண்கள் மாறாது, தோற்றம் மாறும். கன்வெர்ட் என்பது ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு அளந்து கொட்டுவது: எண்கள் மாறும், தோற்றம் மாறாது. சீட்டு தொலைந்த படத்துக்கு முதலில் சரியான சீட்டை ஒட்ட வேண்டும், அப்புறம்தான் அளந்து மாற்ற வேண்டும். ஒட்டாமல் மாற்றினால், தப்பான தோற்றத்தையே பத்திரமாகப் புது ஃபைலுக்குள் கொண்டு போய் வைக்கிறோம். ஏற்கனவே வளைத்த படத்தை நேரானது என்று நினைத்து இன்னொரு முறை வளைத்தாலோ, 128 எழும்பி 186 ஆகிவிடும், அதுதான் அந்தச் சுண்ணாம்பு வெளுப்பு.

சரியான ப்ரொஃபைல் கையில் இல்லாத மென்பொருள் என்றால் லெவல்ஸ் என்ற வெளிச்சத் திருத்தப் பெட்டியில் நடு முக்கோணம் இருக்கிறதே, அந்த எண் காமாவேதான். 1.8லிருந்து 2.2க்குப் போக 2.2ஐ 1.8ஆல் வகுத்தால் 1.22. நடு எண்ணை 1.22 என்று வைத்தால் 128 எண் 145 ஆகும், 0வும் 255உம் அசையாது. இமேஜ்மேஜிக்கின் காமா கட்டளைக்கும் அதே 1.22. பழைய பாணி பிரைட்னஸ் அப்படி இல்லை, எல்லா எண்ணோடும் ஒரே அளவைக் கூட்டும். வெயில் பட்ட கல் விளிம்பு வெள்ளையில் கரைந்துவிடும், கறுப்பு சாம்பலாகிவிடும், நிழலுக்குள் எழுத்துக்கும் கல்லுக்கும் உள்ள வித்தியாசமோ ஒரு துளியும் கூடாது.

திருத்துவதற்கு முன் 8 பிட் படத்தை 16 பிட் ஆக்கிக்கொள்வது நல்லது. எண்களை இழுத்து நகர்த்தும்போது சில எண்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடும், சில இடங்களில் இடைவெளி விழும், வானம் போன்ற மெதுவான சாயலில் அது பட்டை பட்டையாகத் தெரியும். இரண்டு மூன்று திருத்தம் அடுத்தடுத்து செய்தால் இன்னும் மோசம். 16 பிட்டில் எல்லாம் முடித்து, கடைசியில் ஒரே ஒருமுறை 8க்கு இறக்கினால் சேதம் குறைவு. ஜேபெக் ஆக்குவது கடைசி வேலை, நடுவில் வரக்கூடாது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்குள் இருக்கிற மெல்லிய வித்தியாசங்களைத் தள்ளிவிட்டுத்தான் ஃபைலைச் சின்னதாக்குகிறது. கறுத்துப்போன நிழலுக்குள் எழுத்து மெல்லிய வித்தியாசமாகத்தானே நிற்கும்? அதைத் தூக்கி எறிந்த பிறகு எவ்வளவு வெளிச்சம் ஏற்றினாலும் மேலே வருவது கட்டங்கள்தான், எழுத்து இல்லை. நான் முதலில் ஜேபெக் ஆக்கினேன், பிறகு ஏற்றினேன், மறுபடியும் ஜேபெக்காகச் சேமித்தேன்.

அளவு சுருக்கும்போதும் இதே வளைவு கை வைக்கும். கறுப்பும் வெள்ளையும் ஒரு பிக்சல் விட்டு ஒரு பிக்சல் இருக்கிற பரப்பைப் பாதியாகச் சுருக்கினால், ஒளியின் சராசரி 188 ஆக வர வேண்டும். பெரும்பாலான மென்பொருள்கள் எண்களை நேரடியாகக் கூட்டி வகுத்து 128 என்று போட்டுவிடும். இரவு வானத்து நட்சத்திரம், கறுப்பில் வெள்ளை மெல்லிய எழுத்து எல்லாம் இதனால் மங்கும். மைப்படி எடுத்த, அதாவது கல்லின் மேல் காகிதம் வைத்து மை ஒற்றி எடுத்த கல்வெட்டுக்கும் இதேதான், அதில் மை பட்ட இடம் கறுப்பு, செதுக்கின எழுத்து வெள்ளைக் கோடு. பெரிய ஸ்கேனைச் சின்னதாக்கும்போது அந்தக் கோடுகள் மெலிந்துபோவதைக் கண்ணால் பார்க்கலாம். கிம்ப் 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து நேர் ஒளியில் கணக்குப் போட வசதி செய்திருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் திரை சரியா என்று பாருங்கள், காசு செலவில்லாத வழி உண்டு. ஒரு வரி கறுப்பு, ஒரு வரி வெள்ளை என்று ஒரு பிக்சல் கோடுகளால் ஒரு சதுரம் போட்டு, நடுவில் 186 சாம்பலில் ஒரு சின்னச் சதுரம் வையுங்கள் (முன்பு சொன்ன 188 எஸ்ஆர்ஜிபி கணக்கு, சுத்தமான 2.2 என்றால் பாதி ஒளி 186). முழு அளவில், அதாவது 100 சதவீதத்தில் வைத்து, ஆறடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகக் கரைந்தால் திரை 2.2க்குப் பக்கத்தில் இருக்கிறது. 174இல் கரைந்தால் அது 1.8. தப்பான திரையை நம்பி ஒரு கல்யாண ஆல்பம் முழுவதையும் திருத்துவதைவிட இந்த அஞ்சு நிமிடம் மேல்.

வாத்தியாரின் சிடி நல்லவேளை அவரிடமே இருந்தது, அசல் டிஃப் எதுவும் தொடப்படவில்லை. மறுபடி வாங்கி வந்து, ஒவ்வொன்றுக்கும் கிரே காமா 1.8 என்ற ப்ரொஃபைலை ஒட்டினேன், ஒட்டின அந்த நொடியே கல் அவர் சொன்ன மாதிரி எழும்பி வந்தது. 16 பிட் ஆக்கி, கிரே காமா 2.2க்கு மாற்றி, ப்ரொஃபைலோடு ஒரு டிஃப் பிரதி, செல்லில் பார்க்க ஒரு ஜேபெக் பிரதி. அசலை ஒரு தனி ஃபோல்டரில் பூட்டி வைத்தோம். வாத்தியார் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நாலாவது வரியில் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.